களப்பில ஆர்?

இரவு இரண்டேகால். நிந்தவூரைத் தாண்டி, வயல் ஓரமாகக் கடலுக்குப் போகிற மணல் ரோட்டு. ஒரு பக்கம் முழுகிக் கிடக்கிற வேளாண்மைப் பயிர். மறுபக்கம் சதுப்பில் வளர்கிற கண்ணாப் பற்றை. வீடு இல்லை, விளக்கு இல்லை. மழை அப்போதுதான் கொஞ்சம் விட்டிருந்தது… அந்த ரோட்டில் மண் வெட்டுகிற ஒரு பெக்கோ இயந்திரம் லைட்டை அணைத்துக்கொண்டு ஊர்ந்து போகிறது. அதற்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள். அதிலும் லைட் இல்லை.

மோட்டார் சைக்கிளில் போனவர் பெயர் ஜவுபர். என் கூட்டாளி சுபைறாவின் மூத்த காக்கா, கூடப்பிறந்தவர். சுபைறா எனக்குச் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

நீங்கள் கேட்டபடியால்தான் சொல்கிறேன். வெள்ளத்துக்காக இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நாம் வந்து இது இரண்டாவது இரவு. வகுப்பறை வாங்குப் பலகைகளைச் சேர்த்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தாயிற்று. கரண்ட் இல்லை. வெள்ளம் எந்தப் படியில் நிற்கிறது என்று ஆளுக்கொரு தரம் டோர்ச் அடித்துப் பார்த்தாயிற்று.

“முகத்துவாரத்த இப்பவே வெட்டினா விடியிறதுக்குள்ள தண்ணி வடிஞ்சிரும். ஆம்புளையள் விடியும்மட்டும் என்னத்தப் பார்த்துக்கிட்டு இரிக்கானுகள்?” என்று சற்று முன் ஜெஸீலா மாமி கேட்டா. அவர்கள் ஏன் விடியும்வரை பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் இது.

“பேய்க் கதையா?” என்றா மாமி. “மௌத்தான றூஹு திரும்பி வாறதில்ல புள்ள. வந்தா அது ஜின்னு.”

“ஜின்னெண்டே வெச்சுக்கங்க மாமி.”

“அப்ப சொல்லு. ஆனா மெதுவாச் சொல்லு. புள்ளையள் முழிச்சிரும்.” சொல்லிக்கொண்டே மாமி தன் பாயை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டா.

சொல்கிறேன்.

மூன்று வருசத்துக்கு முந்தின மாரி அது. அப்போது ஜவுபர் வட்டை விதானை. இருநூறு ஏக்கர் வயலுக்கும் அவர் சொல்தான். எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, எந்த நாளில் விதைப்பது, எல்லாம் அவர் சொல்ல வேண்டும். முகத்துவாரம் வெட்டுவதும் அப்படித்தான்.

ஆனால் அது அவர் ஒருவரின் சொல் இல்லை. கண்ணாக் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு கிடக்கிறது. மாரியில் களப்பு நிரம்பினால் தண்ணீருக்குப் போக வழி இல்லை, பின்வாங்கி வயலுக்குள் ஏறும். திட்டை வெட்டி வாய் திறந்தால், அதுதான் முகத்துவாரம், தண்ணீர் கடலுக்குப் போய்விடும். வயல்காரரைக் கேட்டால் இன்றைக்கே வெட்டு என்பார்கள். மறுகரை மீன்காரரைக் கேட்டால், பொறு, இறால் வளரட்டும் என்பார்கள். முந்தி வெட்டினால் இறால் குஞ்சு கடலோடு போகும், உப்புத் தண்ணீர் உள்ளே வந்து கிணறுகளைக் கெடுக்கும். பிந்தி வெட்டினால் வேளாண்மை அழுகும். அதனால் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒன்றாகப் போய்க் கண்ணா வேரில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு வாயும் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் மண்வெட்டியைத் தொடுவார்கள். அதுவும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, நிலம் வெளித்த பிறகு. லெப்பை ஒரு பாத்திஹா ஓதுவார். மறுகரைத் தமிழ் ஆட்கள் கற்பூரம் கொளுத்துவார்கள். மண்வெட்டியால் ஒரு முழ அகலம் வெட்டினால் போதும். மிச்சத்தைத் தண்ணீரே மெல்ல மெல்ல அகட்டிக்கொள்ளும். களப்புக்குள் இருக்கிற எதுவும் விலகிப் போக நேரம் கிடைக்கும்.

வெட்டுவதற்கு முன் இன்னொரு காரியம் இருக்கிறது. விதானை களப்பு விளிம்பில், முழங்கால் தண்ணீரில் நின்று உரக்கக் கூப்பிட வேண்டும்.

“களப்பில ஆர்…?”

மூன்று தரம். தண்ணீரில் யாராவது நின்றால், “ஓம்… நிக்கிறன்” என்று பதில் வரும். “ஏறி வா” என்பார் விதானை. ஏறி வரும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். மூன்று தரமும் பதில் இல்லை என்றால்தான் முதல் வெட்டு. அந்தக் கூப்பிடு மனிதருக்கு மட்டும் இல்லை. நண்டுக்கும் கேட்கட்டும், நீர்க்காகத்துக்கும் கேட்கட்டும் என்பார்கள்.

அந்த மாரியில் ஒன்பது நாள் விடாத மழை. ஒன்பதாம் நாள் பகலில் ஜவுபர் திட்டுக்குப் போனார். மறுகரையில் இருந்து நல்லரெத்தினம் வந்தார். மீன்காரருக்கு அவர்தான் பேச்சு. ஜவுபரைவிடப் பத்து வயது மூத்தவர். இரண்டு பேரும் குனிந்து கண்ணா வேரைப் பார்த்தார்கள்.

“இன்னும் ரெண்டு நாள் தாங்க விதானையார். இறால் இப்பதான் விரல் நீளம்.”

“ரெண்டு நாளில அதுக்கு மீசை முளைச்சிருமா அண்ணே?”

“மீசை பிறக்கக்குள்ளயே இருக்கு. சதைதான் இல்ல.”

“அதுக்குள்ள என்ர வேளாண்மை செத்திரும்.”

“ரெண்டு நாளைக்கு நீச்சல் பழக்கி விடுங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பிரிந்தார்கள். ‘சரி’ என்று யாரும் சொல்லவில்லை.

அன்று பொழுது பட்டு, மஃரிபுக்குப் பிறகு சுபைறா தன் காக்காவின் வீட்டுக்குப் போனாள். அவளுடைய கணவர் மௌத்தாகி அப்போது ஒன்றரை வருசம். பள்ளத்து வட்டையில் இரண்டு ஏக்கர் வயல் கிடக்கிறது. அதைத் தவிர அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் வேறு எதுவும் இல்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீருக்குள் இருந்து பிடுங்கிய ஒரு பிடி பயிரைக் கொண்டுபோய்க் காக்காவின் முன்னால் வைத்தாள். ஐம்பது நாள் பயிர். வேர் கையோடு வழுக்கிக் கழன்றது. அவித்த முட்டை கெட்டுப்போன மாதிரி ஒரு மணம்…

“நான் அழல்ல,” என்பாள் சுபைறா. “அழுதிருந்தா காக்கா ஆறுதல் சொல்லி அனுப்பி இருப்பாரு. அழாமப் போனதுதான் பிழை.”

அப்படித்தான் இரவு இரண்டேகாலுக்கு அந்த ரோட்டில் பெக்கோ போனது. ஓட்டியவர் ஜவுபரின் மச்சான் இன்ஸாப். திட்டில் ஏறியதும் இயந்திரத்தை ஓட விட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

“மச்சான், கூப்பிடல்லையா?”

ஜவுபர் கூப்பிடாமலே விடத்தான் நினைத்திருந்தார். முடியவில்லை. செருப்பைக் கழற்றினார். களப்புக்குள் இறங்கினார். தண்ணீர் குளிராக இருந்தது. மறுகரையில் வீடுகள் இருட்டாகக் கிடந்தன. பெக்கோச் சத்தம் கடல் இரைச்சலோடு கலந்துபோகும், ஆனால் உரக்கக் கூப்பிட்டால் அந்த இருட்டு எழும்பிவிடும். விளக்குகள் எரியும், ஆட்கள் வருவார்கள், இரண்டு நாள் என்பார்கள்…

வாயைத் திறந்தார்.

“களப்பில ஆர்…”

பக்கத்தில் படுத்திருக்கிற குழந்தைகூட முழிக்காத சத்தம். பின்னால் பெக்கோ இரைந்துகொண்டிருந்தது. இன்னொரு தரம். இன்னொரு தரம். பிறகு ஏறி வந்தார்.

“ஆருமில்ல. வெட்டு.”

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவர் கூப்பிடாமலே விட்டிருந்தால் அது ஒரு குற்றமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அவர் கூப்பிட்டார். செய்ததாகவும் இருக்க வேண்டும், ஒருவருக்கும் கேட்கவும் கூடாது. நாமும் சில மன்னிப்புகளை அப்படித்தானே கேட்கிறோம்…

பெக்கோ அரை மணித்தியாலத்தில் இருபது அடி அகலம் வெட்டியது. முதலில் சூட்டுப் பிளேன்டீயை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு புதுச் சீலையை நடுவால் கிழிக்கிற மாதிரி. அதற்குப் பிறகு தனியாக ஒரு சத்தமும் கேட்கவில்லை. காலுக்குக் கீழே மணல் நடுங்கியது. டீசல் மணமும் அழுகின கண்ணா இலை மணமும். கறுப்பாய் என்னென்னவோ கடலுக்குள் போனது. மரக்கிளை என்று நினைத்தார்கள்.

விடியும்போது வயலில் தண்ணீர் இல்லை. களப்பிலும் இல்லை. சேற்றில் மீன் துடித்தது. கொக்குகள் ஆயிரக்கணக்கில் இறங்கின. ஊர்ச் சனம் வாளியோடு ஓடியது. அப்போதுதான் யாரோ ஒருவர் கடலைப் பார்த்துக் கையை நீட்டினார். அலைக்கு அப்பால் ஒரு தோணி கவிழ்ந்து கிடந்தது.

நல்லரெத்தினத்தின் தோணி. மழை விட்டிருந்தபடியால் நடு இரவில் வலை பார்க்கப் போயிருக்கிறார். இரண்டு நாள் இருக்கிறது என்று நம்பிப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் ஒலுவில் துறைமுகத்துக் கற்களில் அவரைக் கண்டெடுத்தார்கள்.

“யா அல்லாஹ்,” என்றா ஜெஸீலா மாமி.

சண்டை வராமல் இல்லை. இரவில் ஏன் வெட்டினாய் என்று மறுகரை வந்து நின்றது. பள்ளித் தலைவரும் கோயில் தலைவரும் நடுவில் நின்று அடக்கினார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கூப்பிட்டாயா?

“கூப்பிட்டன். மூணு தரம். பதில் வரல்ல,” என்றார் ஜவுபர்.

சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை. இன்ஸாப் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கிருந்தோ ஒரு குரல்… குடிச்சிப்போட்டுத் தோணியில படுத்திருப்பான். அதை முதலில் சொன்னது யார் என்று இன்றைக்கும் தெரியாது. நல்லரெத்தினம் குடிக்கிற ஆள் இல்லை என்று இரண்டு கரைக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னார்கள். அது எல்லோருக்கும் லேசாக இருந்தது. பின்னேரம் அஸருக்கு முன் அந்தக் கதை மறுகரைக்குப் போய், செத்த வீட்டுக்குள் நுழைந்து, அவருடைய மனைவி கனகேஸ்வரியின் காதில் விழுந்தது.

வேளாண்மை தப்பியது. சுபைறாவின் இரண்டு ஏக்கரும் தப்பியது. ஆனால் திறந்த வாய் மூடவில்லை. இருபது அடியால் கடல் உள்ளே வந்துகொண்டே இருந்தது. சித்திரைக்குள் கிணறுகள் உப்பாகின. கண்ணா இலை மஞ்சளாகிக் கொட்டியது. களப்பில் இறால் என்ற ஒன்று இருந்த மாதிரியே இல்லை.

அடுத்த மாரி வந்தது. இதற்குள் திட்டு திரும்ப மூடியிருந்தது. இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டு கரையும் கூடி வேர் பார்த்தார்கள், இரண்டு வாயும் ‘சரி’ என்றது. நிலம் வெளித்த பிறகு லெப்பை ஓதினார், கற்பூரம் எரிந்தது. ஜவுபர் தண்ணீரில் இறங்கி நெஞ்சு வெடிக்கக் கூப்பிட்டார்.

“களப்பில ஆர்…?”

“ஓம்… நிக்கிறன்.”

களப்பு நடுவில் இருந்து வந்தது. பயமுறுத்துகிற குரல் இல்லை. வேலையில் இருக்கிற ஆள் தலை நிமிராமல் சொல்கிற பதில்.

ஜவுபர் திரும்பினார். “பொறுங்க. ஆள் நிக்கிது.”

“எங்க?”

களப்பு வெறுமையாகக் கிடந்தது. ஒரு நீர்க்காகம். அதுவும் பறந்து போனது. வேறு ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஜவுபர் இரண்டாம் தரம் கூப்பிட்டார். பதில் வந்தது. மூன்றாம் தரமும் வந்தது. ஆட்கள் ஒரு மணித்தியாலம் பொறுத்தார்கள், இரண்டு மணித்தியாலம் பொறுத்தார்கள்.

“மச்சான், ஒருத்தருமில்ல. வெட்டுங்க,” என்றார் இன்ஸாப்.

ஜவுபர் மண்வெட்டியைக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். விதானையின் முதல் வெட்டு இல்லாமல் வேறு ஆள் வெட்டுவதில்லை. பகல் ஆகியது. மழை வந்தது. ஆட்கள் ஏசிக்கொண்டு கலைந்தார்கள். ஐந்தாம் நாள் திட்டு தானாக உடைந்தபோது பள்ளத்து வட்டை அழுகி முடிந்திருந்தது. சுபைறாவின் இரண்டு ஏக்கரும் அதில் போனது.

ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை. பதில் வந்தால் “ஏறி வா” என்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் பதில் வந்த மூன்று தரமும் அவர் அதைச் சொல்லவில்லை. யார் ஏறி வருவார் என்று அவருக்குத் தெரியும்.

“ஓதிப் பார்க்கல்லையா?” என்று கேட்டா மாமி.

“பார்த்தாங்க மாமி. தண்ணி ஓதிக் குடுத்தாங்க. இசிம் எழுதிக் கையில கட்டினாங்க.”

“சரி வரல்லையா?”

“அவருக்கு ஜின் புடிச்சாத்தானே மாமி சரி வாறதுக்கு…”

ஜவுபர் விதானை வேலையை விட்டார். வயலுக்குப் போவதை விட்டார். பிறகு கதைப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். மழை துவங்கினால் கிணற்றடியில் போய் நிற்பாராம். சுபைறா காரணம் கேட்டால், “ஒண்டுமில்ல புள்ள, நீ போ” என்பாராம்.

போன வருசம். பதினொரு நாள் மழை. புது விதானை கெட்டிக்காரர், பள்ளியில் இருந்து ஒலிபெருக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு திட்டுக்குப் போனார். அதில் கூப்பிட்டால் ஒலுவில்வரை கேட்கும். ஜவுபர் இரண்டு கட்டைத் தூரத்துக்கு இங்கால், சுபஹு தொழுதுவிட்டு வந்து தன் வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில் வந்தது. அதற்குப் பின்னால் பதிலும் வந்தது.

ஆனால் அந்தக் குரல் மாறியிருந்தது. தண்ணீர் தாடைக்கு வந்த ஆள் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு கதைக்கிற மாதிரி… சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் மூச்சு.

“ஓம்… நிக்… கிறன்…”

வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டுப் பக்கத்து வளவில் இருந்து சுபைறா ஓடி வந்தாள். காக்கா மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். என்ன ஏது என்று கேட்காமல் அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள். இனி நான் சொல்வதெல்லாம் அவள் கண்ணால் கண்டது.

திட்டில் அறுபது எழுபது பேர் நின்றார்கள். இரண்டு கரை ஆட்களும்தான். மண்வெட்டி தயாராக இருந்தது.

“வெட்டாதீங்க,” என்றார் ஜவுபர்.

“காக்கா, திரும்பத் துவங்கிட்டீங்களா?” என்றார் புது விதானை.

“அரை மணித்தியாலம் தா மனே. அரை மணித்தியாலம்தான்.” அவருடைய கண் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

“குடுத்தானுகளா?” என்று மாமி கேட்டா.

“குடுத்தாங்க மாமி. அழுற ஆம்புளைய நேர பார்த்து எப்புடி இல்லையெண்டு சொல்ற?”

திட்டு மூடிக் கிடந்தால் இரண்டு கரையும் ஒரே கரைதான். மணலால் நடந்து போகலாம். ஜவுபர் நடந்தார், சுபைறா பின்னால் போனாள். மறுகரையில் முதல் வீடு கனகேஸ்வரியின் வீடு. வெள்ளம் ஏறுகிறது என்று அவ கோழிக்கூட்டைக் கல் மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தா. மழை தூறிக்கொண்டிருந்தது.

“அக்கா,” என்றார் ஜவுபர். “அண்டைக்கு நான் கூப்பிடல்ல.”

அவ கூட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தா.

“வாய்க்குள்ள கூப்பிட்டன். உங்கட கரைக்குக் கேட்டிரும் எண்டு… வாய்க்குள்ள.”

“தெரியும்,” என்றா கனகேஸ்வரி.

அவ கோழிக்கூட்டுக் கதவைச் சாத்தினா.

“அவர் பதில் சொன்னது எனக்குக் கேட்டது,” என்றா அவ. “ஓம், நிக்கிறன் எண்டு. மூண்டு தரம். நீ கூப்பிட்டது கேக்கல்ல. இந்த நேரத்தில ஆருக்குச் சொல்றார் எண்டு எழும்பி இருந்தன். மறுகா விளங்கிச்சு. பதில் சொல்லிட்டார்தானே… இனி வெட்ட மாட்டாங்கள், அவர் ஏறி வருவார் எண்டு படுத்திட்டன்.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னா. “நித்திரையும் வந்திட்டு.”

ஜவுபர் ஈரத் தரையில் அப்படியே குந்திவிட்டார். இரைந்துகொண்டிருந்த பெக்கோவுக்கு முன்னால் நின்ற தனக்கு அந்தப் பதில் கேட்கவில்லை. தான் வாய்க்குள் சொன்னது மட்டும் நல்லரெத்தினத்துக்குக் கேட்டிருக்கிறது.

“ஏன் அக்கா ஒருத்தருக்கும் சொல்லல்ல?” என்று கேட்டாள் சுபைறா.

“குடிச்சவர் எண்டு சொல்ற ஊருக்கு என்னத்தச் சொல்ல?”

பிறகு அவ சுபைறாவைப் பார்த்தாவாம். கணவனை இழந்த ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கிற பார்வை. அவளிடம் மட்டும் சொல்வதைப் போல் குரலைத் தாழ்த்தினா.

“மழை துவங்கினா நானும் கூப்பிடுவன். படுக்கையில கிடந்து. வாய்க்குள்ளதான். பதில் வரும். அதைக் கேட்டாத்தான் எனக்கு நித்திரை.”

“ஏறி வாங்க எண்டு சொல்லல்லையா?”

“சொன்னா வந்திருவார். வந்தா போயிருவார்தானே.”

அந்தக் களப்பைச் சுற்றி எத்தனை ஆயிரம் பேர். அந்தக் குரலைக் கேட்டவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் பயத்தில் கேட்டார். மற்றவ ஆசையில் கேட்டா. இரண்டு பேரும் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் அவரைத் தண்ணீருக்குள் நிறுத்தி வைத்திருந்தார்கள்… சுபைறா இதைச் சொல்லும்போது நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இந்த மாரி தண்ணி கூட,” என்றார் ஜவுபர் மெல்ல.

“ஓம்.” அவவின் முகம் கோணியது. “ராத்திரி குரல் மாறிட்டு. குளிருது போல.”

பிறகு கனகேஸ்வரி கையைச் சீலையில் துடைத்தா.

“நீ முதல்ல அங்க வந்து சொல்லு. எல்லாருக்கும் முன்னால. உங்கட ஆக்களுக்கும் எங்கட ஆக்களுக்கும்.”

மூன்று பேரும் திட்டுக்குத் திரும்பினார்கள். புது விதானை ஒலிபெருக்கியை நீட்டினார். ஜவுபர் அதைத் தள்ளிவிட்டார்.

“நான் அண்டைக்குக் கூப்பிடல்ல,” என்று தன் தொண்டையால் கத்தினார். “வாய்க்குள்ள சொன்னன். அதுக்கும் அவர் பதில் சொல்லி இரிக்காரு. அவர் குடிக்கல்ல. நித்திரை கொள்ளல்ல. பிழை என்ர.”

நல்லரெத்தினத்தின் தம்பி பாய்ந்து வந்து அவருடைய சட்டையைப் பிடித்தான். பிடித்தபடி நின்றான். பிறகு கை தானாக விட்டது. இன்ஸாப் முகத்தை மூடிக்கொண்டு மணலில் இருந்தார்.

கனகேஸ்வரி களப்புக்குள் இறங்கினா. முழங்கால்வரை. சீலை தண்ணீரில் விரிந்து மிதந்தது. அவ கூப்பிடவில்லை. ‘களப்பில ஆர்’ என்று கேட்கவில்லை. பக்கத்தில் நிற்கிற ஆளோடு கதைக்கிற குரலில் சொன்னா.

“ஏறி வாங்க. இவ்வளவு காலம் நிண்டது காணும்.”

ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் அசையவில்லை. அலை இல்லை, காற்று இல்லை. லெப்பை ஏந்திய கை ஏந்தியபடி நின்றார்…

அப்போது திட்டில் நின்ற ஆட்கள் விலகினார்கள்.

ஒருவரும் சொல்லவில்லை. வயல்காரர், மீன்காரர், எல்லோரும் இந்தப் பக்கம் இரண்டு அடி, அந்தப் பக்கம் இரண்டு அடி. களப்பு விளிம்பில் இருந்து மறுகரைப் பக்கமாக, ஓர் ஆள் போகிற அகலத்துக்கு மணல் வெறுமையானது. சுபைறாவும் விலகினாள். ஏன் என்று தனக்குத் தெரியாது என்கிறாள். பிறகு ஒரு நாள் அவள் இன்ஸாப்பிடம் கேட்டிருக்கிறாள், நீங்க ஏன் விலகினீங்க என்று.

“தோளில ஈர வலையோட ஒராள் வந்தா விலகத்தானே வேணும்,” என்றாராம் இன்ஸாப். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டு, வாயை மூடிக்கொண்டாராம்.

கனகேஸ்வரி ஏறி வந்து அந்த வழியால் நடந்தா. மழை வலுத்தது. சுபைறா தன் குடையை அவவிடம் நீட்டினாள். அவ அதை விரித்தா. தன் தலைக்குப் பிடிக்கவில்லை. வலது பக்கமாக, தன்னைவிட ஒரு சாண் உயரத்தில், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் தான் நனைந்து நனைந்து… இடைக்கிடை நின்று, பக்கத்தில் வருகிறவருக்காகப் பொறுத்து… அப்படியே மறுகரைக்குப் போய்ச் சேர்ந்தா.

அதுவரை ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை. பிறகு புது விதானை தண்ணீரில் இறங்கினார், ஒலிபெருக்கி இல்லாமல் மூன்று தரம் கூப்பிட்டார். ஜவுபர் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பதில் வரவில்லை. ஒரு முழ அகலம் வெட்டினார்கள். தண்ணீர் மெதுவாக, அவசரம் இல்லாமல், கடலுக்குப் போனது.

அன்று பின்னேரம் மழை விட்டு நல்ல வெயில். கனகேஸ்வரி ஆள் விட்டுக் குடையைத் திருப்பி அனுப்பியிருந்தா. காய வைத்து, மடித்து, கயிறு சுற்றி. சுபைறா அதை விரித்துப் பார்த்தாள்.

துணியின் வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. உட்பக்கம்தான் நனைந்து, சொட்டிக்கொண்டிருந்தது.